கோளாறு கார்புரேட்டரில் இல்லை

பாஸ்கல்,

அப்பாதான். கையெழுத்தைப் பார்த்ததும் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று பயந்துவிடாதே. அம்மா நன்றாக இருக்கிறாள். உன் கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுத்த ஜாக்கெட் கை இறுக்கமாகிவிட்டது என்று தையற்காரரோடு மூன்றாவது நாளாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். நானும் நன்றாகத்தான் இருக்கிறேன். இந்த விஷயத்தைப் போனில் சொல்லிவிடலாம் என்று நாலு தடவை உன் நம்பரை அழுத்தினேன். நாலு தடவையும் "சாப்டியாடா, ஓசூர்ல குளிரா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். எனக்கு வாயைத் திறந்தால் கோபம் மட்டும்தான் தடையில்லாமல் வரும், மற்றதெல்லாம் தொண்டையோடு நின்றுவிடும். அது உனக்குத் தெரியாததா? அதனால் பட்டறை மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். தாளில் கிரீஸ் பட்டிருந்தால் பொறுத்துக்கொள்.

போன மாதம் உன் நிச்சயதார்த்தத்தில் நடந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். பந்தியில் உன் வருங்கால மாமனார் எனக்கு அந்தப் பக்கம், நீ இந்தப் பக்கம். அவர் சும்மா பேச்சுக்குத்தான் கேட்டார்: "அப்பா இவ்ளோ பெரிய மெக்கானிக்கா இருக்காரு, நீங்க ஏன் மாப்ள தொழில விட்டுட்டு ஃபேக்டரிக்கு வந்துட்டீங்க?" நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: "எனக்குக் கை வரல மாமா. எங்கப்பா கை வேற." அவரும் சிரித்தார். என் பக்கம் திரும்பி, "கொடுத்து வச்சவர் சார் நீங்க, இப்படிப் பேசற பிள்ளை யாருக்குக் கிடைக்கும்" என்றார். நான் குனிந்து பாயசத்தைக் குடித்தேன். இரண்டாவது தம்ளரும் வாங்கிக் குடித்தேன், வாயில் ஏதாவது இருந்தால் பேச வேண்டியதில்லையே என்று. ஊர் திரும்பும் வழி முழுக்க, சர்க்கரை உள்ள மனுஷன் இப்படியா குடிப்பது என்று அம்மா திட்டிக்கொண்டே வந்தாள். நான் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. அதைப் பார்த்துத்தான் அவளே பயந்துபோனாள்.

உனக்குக் கை வராது என்று முதலில் சொன்னவன் நான். ஐந்து வருஷத்துக்கு முன்னால், இதே பட்டறையில், முசியே முன்னால் சொன்னேன். அது பொய். எப்படிப் பொய் என்று உனக்குச் சொல்லாமல் உன் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அப்பாவாகக் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்க எனக்கு யோக்கியதை இல்லை.

முசியேவின் தவளை வண்டியை நீ மறந்திருக்க மாட்டாய். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருபது வருஷம் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பிய மனுஷன், அதனால்தான் ஊரே அவரை பிரெஞ்சுக்காரர் மாதிரி முசியே என்று கூப்பிடும். அவரோடு பட்டாளத்திலிருந்து திரும்பிய மற்ற சொல்தாக்கள் ஃபிரிட்ஜும் டிவியும் கொண்டுவந்தபோது, இவர் கப்பலில் ஒரு பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்து இறக்கினார். இரண்டே சீட்டு, துணிக் கூரை, ஸ்டியரிங் இடது பக்கம், பாசிப் பச்சை நிறம். உப்பளம் தெருவில் அது தரையோடு தரையாகப் போகும்போது தவளை வண்டி என்று பிள்ளைகள் பின்னாலேயே ஓடும். நாலு சிலிண்டர் எஞ்சினில் இரண்டு கார்புரேட்டர். அந்த இரண்டும் ஒன்றுபோல் மூச்சு விட வேண்டும், இல்லாவிட்டால் வண்டி குலுங்கும். எனக்கு அது பிடிபடவே இல்லை. நீதான் ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்துக்கொண்டு ஒரு மாலை நேரம் முழுக்க இதையும் அதையும் மாற்றி மாற்றிக் கேட்டுச் சரிசெய்தாய். அன்றைக்கே நாம் வேலையைப் பிரித்துக்கொண்டோம்: கரண்ட் என் வேலை, பெட்ரோல் உன் வேலை. பிளக், காயில், நாலு பிளக்குக்கும் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் நான். கார்புரேட்டர், பம்ப், டேங்க் எல்லாம் நீ. என் பக்கத்தை நீ தொடக் கூடாது, உன் பக்கத்தை நான் தொட மாட்டேன். ஒழுங்கான ஏற்பாடு என்று எனக்கு அப்போது பெருமைதான். அந்த ஏற்பாடுதான் நம்மைக் கெடுத்தது.

சுனாமிக்கு முந்தின வருஷம். சென்னையில் பழைய கார்களை வரிசையாக நிறுத்திக் காட்டும் கண்காட்சிக்கு முசியே போவதாக இருந்தார். அவருடைய அக்கா மகன் பிரான்ஸில் பழைய வண்டிகளுக்கு மட்டுமே ஒரு கராஜ் வைத்திருந்தானே, அவனுக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. "இந்தப் பயணம் நல்லபடியா முடியட்டும், பாஸ்கலைப் பத்தி அவனுக்கு லெட்டர் போடறேன்" என்று முசியே சொல்லியிருந்தார். நீ வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் வாரம் ஒருமுறை சர்ச்சுக்குப் பின்னால் இருந்த சிஸ்டரிடம் பிரெஞ்சு படிக்கப் போக ஆரம்பித்தாய். டிபன் பாக்ஸ் மூடியில் வார்த்தைகளை எழுதி ஒட்டிவைத்திருந்தாய், அம்மா அதைத் தேய்த்துக் கழுவிவிட்டாள் என்று ஒருநாள் வீட்டில் கத்தினாய். நீ வீட்டில் கத்தியது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் வண்டியை முழுக்க ட்யூன் பண்ணினோம். நீ கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டினாய். நான் டிஸ்ட்ரிபியூட்டரில் புது பாயிண்ட் போட்டேன். அன்றைக்கு என் தங்கச்சி வீட்டு விசேஷத்துக்கு நேரமாகிவிட்டது என்று அவசரப்பட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்தோம். பூனை மாதிரி சத்தமில்லாமல் நின்று ஓடியது. தெருவில் இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்தோம். ஒரு குறையும் தெரியவில்லை.

மறுநாள் காலையில் முசியேவும் அவர் மனைவி மதாமும் கிளம்பிப் போனார்கள். ஊருக்குள் இருந்தவரை ஒன்றுமில்லை. ஈ.சி.ஆர் ரோட்டில் ஏறி அறுபதில் நிதானமாகப் போக ஆரம்பித்ததும் மிஸ்ஸிங் அடிக்கத் தொடங்கிவிட்டது. உதறல், சைலன்ஸரில் பட் பட் என்று வெடி. ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தால் சரியாகிறதாம், கொஞ்சம் தளர்த்தினால் மறுபடியும் உதறுகிறதாம். கனகசெட்டிக்குளம் போவதற்குள் மதாம் பயந்துபோய் இறங்கிவிட்டாள். முசியே பட்டறைக்குப் போன் செய்தார். நான் உன்னை பைக்கில் அனுப்பினேன். ஒன்றரை மணி நேரம் கழித்து வண்டியை நீயே ஓட்டிக்கொண்டு வந்தாய், ஒரு உதறல் இல்லாமல். அப்போதே நான் கேட்டிருக்க வேண்டும், எப்படிடா ஓட்டி வந்தே என்று. கேட்கவில்லை. கண்காட்சி போய்விட்டது, நாலு பேர் முன்னால் என் பட்டறை மானம் போய்விட்டது என்ற ஆத்திரம்தான் எனக்கு. பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். நாலும் கறுத்திருந்தது. கறுத்தால் பெட்ரோல் அதிகம், பெட்ரோல் உன் வேலை, அவ்வளவுதான் கணக்கு. நாலும் ஒரே மாதிரி கறுத்திருக்கிறதே, இரண்டு கார்புரேட்டரும் ஒரே நாளில் ஒன்றுபோல் கெட்டுப்போகுமா, நாலுக்கும் பொதுவாக இருப்பது டிஸ்ட்ரிபியூட்டர் அல்லவா என்று முப்பது வருஷ மெக்கானிக்குக்குத் தோன்றவில்லை.

நீ சொல்ல வந்தாய். அந்தச் சின்னக் குழாயைக் காட்டினாய், கார்புரேட்டரிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகுமே, அந்த வேக்குவம் குழாய்.

"அப்பா, ரோட்ல இத்தக் கழட்டி அடச்சிட்டு ஓட்டினேம்ப்பா. நல்லா வந்துது. அதனால..."

"அந்தக் குழா எங்கேர்ந்து வருது?"

"கார்புரேட்டர்லேர்ந்து. ஆனா போறது..."

"வர்ற இடத்துலதான்டா கோளாறு! கார்புரேட்டர் கழட்டினது நீதானே? நானா? முசியே, நீங்களே கேளுங்க. இவனுக்குக் கை வராது முசியே. நான்தான் புள்ளையாச்சேன்னு வச்சிகினு இருக்கேன்."

குழாயின் ஒரு முனை உன் பக்கம், மறு முனை என் பக்கம். நீ மறு முனையைக் காட்டப் போனாய். நான் விடவில்லை. நீ முசியேவைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், ஸ்பானரை மேஜைமேல் சத்தமில்லாமல் வைத்துவிட்டு வெளியே போனாய். முசியே தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, "அலோர், சரி, லெட்டரைப் பத்தி அப்புறம் பார்க்கலாம்" என்றார். அப்புறம் அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

இதுவரை நடந்தது உனக்குத் தெரியும். இனிமேல் எழுதுவதுதான் தெரியாது.

அந்தச் சனிக்கிழமை நீ ஓசூருக்கு இன்டர்வியூ என்று போயிருந்தாய். பட்டறையில் நான் மட்டும். உன் குற்றத்தைக் கண்டுபிடித்தே தீர்வது என்று இரண்டு கார்புரேட்டரையும் கழற்றிப் பிரித்து வெள்ளைத் துணிமேல் பரப்பினேன். ஒரு தூசி இல்லை. ஜெட், ஊசி, மிதவை எல்லாம் நான் செய்திருந்தால்கூட அவ்வளவு சுத்தமாக இருந்திருக்காது. திரும்ப மாட்டினேன். அப்புறம் வேறு வழியில்லாமல் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தேன். வேக்குவம் குழாயின் முனையை வாயில் வைத்து உறிஞ்சினேன். உள்ளே பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தகடு மெல்லத் திரும்பியது. திரும்பும்போது அதோடு சேர்ந்து ஒரு சின்ன ஒயர் இழுபட்டு பக்கச் சுவரில் போய் ஒட்டியது. அந்த இடத்தில் ஒயரின் தோல் உரிந்து செம்பு தெரிந்தது. சுவரில் கடுகளவு கருகல். நிறுத்தி ஓட்டும்போது எஞ்சின் அந்தக் குழாயை உறிஞ்சாது, தகடு திரும்பாது, அதனால் பட்டறையில் கோளாறு தெரியவில்லை. ரோட்டில் நிதானமாகப் போகும்போது திரும்பும், ஒயர் உரசும், கரண்ட் செத்துவிடும். முழுக்க மிதித்தால் உறிஞ்சல் குறைந்து தகடு பழைய இடத்துக்கு வந்துவிடும், வண்டி பிழைத்துக்கொள்ளும். அந்த ஒயரைத் தப்பான பக்கமாக மடித்துச் செருகியது நான். விசேஷத்துக்கு நேரமாகிவிட்டது என்று அவசரப்பட்ட என் விரல்கள்தான்.

ஒயருக்கு ஸ்லீவ் போட்டு ஒழுங்காக மடித்து வைத்து மூடினேன். வண்டியை மரக்காணம் வரை ஓட்டிப் போய்த் திரும்பினேன். உதறலே இல்லை. நேரே முசியே வீட்டில் கொண்டுபோய் நிறுத்தினேன். "என்ன இருந்துது?" என்று கேட்டார். வரும் வழியெல்லாம் உண்மையைத்தான் சொல்ல நினைத்திருந்தேன், அம்மா மேல் சத்தியம். அவர் கேட்டதும் வாயில் வந்தது இதுதான்: "ஜெட்ல தூசி முசியே. பையன் சரியா கழுவல." அவர் என் தோளைத் தட்டி, "நீ இருக்கிறவரைக்கும் எனக்குக் கவலை இல்லை" என்றார். நான் வணக்கம் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து மீன் குழம்பு ஊற்றி நன்றாகவே சாப்பிட்டேன். அன்றைக்கு ராத்திரி நீ வந்து வேலை கிடைத்துவிட்டது என்றாய். நான் உன்னிடமும் அதே தூசிக் கதையைத்தான் சொன்னேன். நீ "சரிப்பா" என்றாய்.

நீ கிளம்பின அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் முக்கால் மணி நேரம் உன் பக்கத்தில் நின்றேன். சொல்லியிருக்கலாம். உனக்கு வாழைப்பழமும் தண்ணீர் பாட்டிலும் வாங்கிக் கொடுத்தேன்.

அப்புறம் நான் என்ன செய்தேன் தெரியுமா? தவக்காலம் வந்ததும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். "பொய் சொன்னேன் சாமி" என்றேன். சாமியார் மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். சொன்னேன், மனசு லேசாகிவிட்டது. அடுத்த வருஷமும் அதே பாவம், அதே மூன்று ஜெபம். நாலாவது வருஷம் புதிதாக வந்த சின்னச் சாமியார், "யார்கிட்ட பொய் சொன்னீங்க?" என்று கேட்டார். "ஒரு கஸ்டமர்கிட்ட சாமி" என்றேன். பாவசங்கீர்த்தனத் தொட்டியிலேயே பொய். உன் பேரைச் சொல்லவில்லை. ஆண்டவரிடம் சொல்லிவிட்டால் மகனிடம் சொன்ன மாதிரிதான் என்று வசதியாக வைத்துக்கொண்டேன்.

நிச்சயதார்த்தம் முடிந்து வந்த மறுநாள் முசியே வீட்டுக்குப் போனேன். மதாம் போன பிறகு மனுஷன் ரொம்பத் தளர்ந்துவிட்டார், கோலை ஊன்றித்தான் நடக்கிறார். தவளை வண்டி தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன், ஒயர், ஸ்லீவ், தூசிக் கதை எல்லாம். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒயர்னு எனக்குத் தெரியுமே" என்றார்.

"எப்படி முசியே?"

"உன் பையன் சொன்னான். ஓசூர் போறதுக்கு முன்னாடி நாள் சொல்லிட்டுப் போக வந்தான். கோளாறு கார்புரேட்டர்ல இல்ல, டிஸ்ட்ரிபியூட்டர்ல ஏதோ ஒயர் உரசியிருக்கு, அன்னைக்கு ரோட்லயே தெரிஞ்சிது, உங்களுக்காவது தெரியணும்னு சொல்றேன்னான். நான் உடனே லெட்டர் போடறேன்னேன். ஆனா அதுக்குள்ள அக்கா மகன் வேற ஆளை வச்சிட்டான். எனக்கு ரொம்பக் கஷ்டமாப் போச்சு. உன்னைக் கூப்பிட்டுக் கேக்கறேன்னேன். வேண்டாம்னான்."

"ஏன் வேண்டாம்னான்?"

"அப்பா வேணும்னு சொல்லல முசியே, அவருக்கு நெஜமாவே தெரியாதுன்னான். மறுபடி கழட்டி மாட்டினதுல ஒயர் தானா நவுந்து சரியாயிருக்கும், அவர் தூசின்னு நம்பிகினு இருக்காரு. தெரிஞ்சா தாங்க மாட்டாரு, பட்டறையையே மூடிடுவாரு, சொல்லாதீங்கன்னான். இத்தனை வருஷமா நான் சொல்லல. இப்ப நீ வந்து இன்னொரு கதை சொல்றே." கோலைத் தரையில் ஒருமுறை தட்டினார். "இத்த ஏன் எங்கிட்ட சொல்றே? பேச்சு வாங்கினது நானா?"

அவர் வீட்டைவிட்டு வெளியே வந்து கடற்கரைச் சுவரில் உட்கார்ந்தேன். எனக்கு அப்போது வந்த நினைப்பையும் மறைக்காமல் எழுதுகிறேன், என்னைப் பற்றி நீ முழுக்கத் தெரிந்துகொள்ள வேண்டும். முதலில் எனக்கு வந்தது நிம்மதி. என் பிள்ளை என்னை மன்னித்துவிட்டான், அதுவும் ஐந்து வருஷத்துக்கு முன்பே, இனி நான் ஏன் வாயைத் திறக்க வேண்டும் என்று தோன்றியது. முசியே யாரிடமும் சொல்ல மாட்டார். நீயும் கேட்க மாட்டாய். தெரியாமல் தப்புச் செய்த நல்ல அப்பாவாகவே நான் உன் கல்யாணத்துக்கு வந்துவிட்டுப் போகலாம். இரண்டு நாள் அந்த நினைப்போடு சுகமாக இருந்தேன். மூன்றாம் நாள் அம்மா உன் பெட்டியைக் கிளறும்போது உன் பிரெஞ்சு நோட்டு கிடைத்தது என்று கொண்டுவந்து காட்டினாள். பதினேழு பக்கம் எழுதியிருக்கிறாய். கடைசிப் பக்கத்தில் ஒரு கராஜில் போய் எப்படி வேலை கேட்பது என்று நாலு வரி. எனக்கு அதைப் படிக்கத் தெரியாது, முசியேவிடம் கொண்டுபோய்க் காட்டித்தான் தெரிந்துகொண்டேன். அவர் படித்துச் சொன்னபோது அவர் வீட்டு வாசலிலேயே அழுதுவிட்டேன்.

கல்யாணமாகப் போகிறவனுக்கு அப்பா புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு ஒன்றுதான் சொல்லத் தெரியும். வீட்டில் ஏதாவது உதறினால், உன் பக்கத்து மூடியை முதலில் திறந்து பார். உன் மனைவி ஏதாவது காட்ட வந்தால், அவள் முழுக்கச் சொல்லி முடிக்கட்டும். இது உனக்கு ஏற்கெனவே தெரியும், நீ அம்மா பிள்ளை. எனக்குத்தான் தெரியாமல் போனது.

உன் மாமனாருக்கு நேற்றே போன் போட்டுவிட்டேன். என் மகனுக்குக் கை வராமல் இல்லை, ரோட்டோரத்தில் ஒரு குழாயைப் பிடுங்கிவிட்டுக் கோளாறைக் கண்டுபிடித்தவன் அவன், முப்பது வருஷம் அனுபவமுள்ள நான் கண்டுபிடிக்க முடியாததை என்று சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, "சந்தோஷம் சார்" என்றார். கல்யாணத்தன்று நேரில் மறுபடியும் சொல்வேன். நான் அங்கே வர வேண்டுமா, எங்கே நிற்க வேண்டும் என்பதெல்லாம் நீ சொல்கிறபடி. வராதே என்றால் அம்மாவை மட்டும் அனுப்பிவைக்கிறேன், அவளிடம் காரணத்தையும் நானே சொல்லிவிடுகிறேன். அந்த லெட்டரை இனி என்னால் வாங்கித் தர முடியாது. பிரான்ஸையும் தர முடியாது. மன்னித்துக்கொள் என்று கேட்கவும் வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் நீ ஏற்கெனவே மன்னித்துவிட்டாய். ஆனால் நீ மன்னித்தது வேறு ஒரு ஆளை.

அப்பாவுக்குத் தெரியாது என்று முசியேவிடம் சொன்னாயாமே. தெரியும்டா, பாஸ்கல். நீ ஓசூருக்கு பஸ் ஏறியபோதும் எனக்குத் தெரியும்.

அப்பா